பிரிண்டரைத் தராசில் வைத்துப் பாருங்கள்

கரூர் ஜவஹர் பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில் இருபத்தேழு வருடமாகப் பிரிண்டர் பழுதுபார்க்கிறேன். வீட்டில் அச்செடுப்பதால் சுற்றுச்சூழலுக்கு என்ன கேடு என்று வாசகர்கள் கேட்டவற்றை ஆசிரியர் குழு ஒரே கட்டாக எனக்கு அனுப்பி வைத்தது. முக்கால்வாசிக் கேள்விகள் மின்னஞ்சலில் வந்தவை. அவற்றைப் பிரிண்ட் எடுத்து, ஒரு பக்கம் மட்டும், கேள்விக்கு ஒரு தாள் வீதம், கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். இருபத்திரண்டு தாள். அதைப் பற்றி அவர்களிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலிருந்து வாரம் தவறாமல் பயிற்சித் தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓடி அலுத்துப்போய் ஒரு பிரிண்டர் வாங்கிவிட்டோம். நான் பிரிண்ட் எடுக்கும்போதெல்லாம் மாமனார், “இன்னொரு மரம் போயிற்று” என்கிறார். உண்மையில் எத்தனை மரத்தை வெட்டியிருப்பேன் ஐயா?
*வாசகி, நாமக்கல்*

அம்மா, மாமனார் கையில் முதலில் ஒரு தராசைக் கொடுங்கள்.

ஒரு சதுர மீட்டர் காகிதத்தைப் பதினாறாகப் பிரித்தால் கிடைப்பதுதான் ஏ4 தாள். உறையில் 80 ஜி.எஸ்.எம். என்று போட்டிருந்தால் ஒரு சதுர மீட்டரின் எடை 80 கிராம். ஆகவே தாள் ஒன்றுக்கு 5 கிராம். ஐந்நூறு தாள் கொண்ட ரீம் இரண்டரைக் கிலோ. வாரம் பத்துத் தாள் எடுத்தால் ஆண்டுக்கு ஒரு ரீம் ஆகும்.

அந்த இரண்டரைக் கிலோ எங்கிருந்து வந்தது என்பது நீங்கள் வாங்கும் காகிதத்தைப் பொறுத்தது. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம், புகளூர்ப் பக்கம் காகிதபுரம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை அங்கேதான் இருக்கிறது. 1984-ல் உற்பத்தியைத் தொடங்கியபோதே கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக வைத்துத்தான் தொடங்கினார்கள். சக்கை என்றால் ஓசியில் கிடைக்கிறது என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை ஆலைகள் அதைத் தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. அதை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் பதிலுக்கு நீராவியோ எரிபொருளோ கொடுக்க வேண்டும். மரம் தப்பிக்கிறது, அந்த இடத்தில் பெரும்பாலும் நிலக்கரி எரிகிறது. இந்தப் பாதிக் கதையை யாரும் சொல்வதில்லை.

மரக்கூழும் சேர்கிறது. ஆனால் அது காட்டு மரம் அன்று. சவுக்கு, தைலமரம், சவுண்டல் என்று விவசாயிகள் வயலில் நட்டுச் சில ஆண்டுகளில் வெட்டி விற்பவை. காய்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதிதான் கூழாகும். போதாததற்கு, வெள்ளைத் தாளில் சுண்ணாம்புப் பொடியும் கலந்திருக்கிறது, வழவழப்புக்காகவும் வெளிச்சம் ஊடுருவாமல் இருக்கவும். எல்லாம் கூட்டிக் கழித்தால் உங்கள் ஒரு வருடப் பிரிண்டுக்கு முழுக்க மரக்கூழே போனாலும் ஐந்து கிலோ காய்ந்த மரம். சாரம் கட்டும் சவுக்குக் கம்பில் ஒரு துண்டு. கூழை வெளுக்கும் ரசாயனமும், ஆலை குடிக்கும் தண்ணீரும் இதற்கு மேல்.

இனி, மாமனார் எண்ணாத கணக்கு ஒன்று. போன மாதம் ஒரு வீட்டுப் பிரிண்டர் கடைக்கு வந்தது. மூன்று வருடம் ஆனது. எனக்கு ஒரு பழக்கம், எந்தப் பிரிண்டர் வந்தாலும் முதலில் அதன் கவுண்டரைப் பார்ப்பேன், மருத்துவர் நாடி பார்ப்பதைப் போல. மொத்தம் 611 பக்கம். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் அதை வைத்தேன்: ஐந்து கிலோ இருநூறு கிராம். 611 தாளின் எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல். அச்சான தாளைவிட அச்சடித்த யந்திரம் கனமாக இருக்கிறது! கருப்பு பிளாஸ்டிக், இரும்புத் தண்டு, மோட்டார்கள், சர்க்யூட் போர்டு. போர்டைச் சரிசெய்யும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு, உரிமையாளர் அதை என்னிடமே விட்டுப் போய்விட்டார். தாளில் போனதைத் திரும்பக் கூழாக்கலாம். அந்த ஐந்து கிலோவை என்ன செய்வது?

மாமனாரிடம் சொல்லுங்கள்: வாங்கியாயிற்று, இனி இதைப் பத்து வருடம் ஓட்டுவதுதான் எங்கள் வேலை என்று.

பணி ஓய்வு பெற்றவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பத்துப் பக்கம் எடுத்தால் அதிகம். எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் கோடு கோடாக வருகிறது, அல்லது நீலம் வருவதே இல்லை. ‘ஹெட் கிளீனிங்’ கொடுத்துக் கொடுத்தே மை தீர்ந்துவிடுகிறது. அந்த மையெல்லாம் எங்கே போகிறது?
*முன்னாள் தலைமையாசிரியர், கோவில்பட்டி*

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன் ஐயா.

தாளில் திரவ மையைத் தெளிப்பது இங்க்ஜெட் பிரிண்டர். தெளிக்கும் பாகமான ஹெட்டில் மயிரிழையைவிட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. மையில் பெரும்பகுதி தண்ணீர். வாரக்கணக்கில் சும்மா கிடந்தால் தண்ணீர் ஆவியாகி, துளை வாயில் மை கெட்டித்துவிடுகிறது. சித்திரை வெயிலில், அதுவும் உங்கள் ஊர் வெயிலில், கேட்கவே வேண்டாம். ‘கிளீனிங்’ என்று நீங்கள் அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு பம்ப் அந்தத் துளைகளின் வழியாகப் புது மையை உறிஞ்சி இழுத்து அடைப்பை உடைக்கிறது. உறிஞ்சிய மை ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகப் பிரிண்டரின் அடிவயிற்றில் இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. காசு கொடுத்து வாங்கிய மை, ஒரு எழுத்தும் எழுதாமல், நேராகக் குப்பைக்கு.

அந்தப் பஞ்சை ஒருமுறையாவது நீங்கள் பார்க்க வேண்டும். புதிதாக இருக்கும்போது கம்பளித் துண்டைப் போல வெள்ளையாக, கையில் வைத்தால் எடையே தெரியாது. நான் கழற்றிய ஒன்றை நிறுத்துப் பார்த்தபோது 210 கிராம் இருந்தது; மாற்றிப் போட்ட புதுப் பஞ்சு 35 கிராம். கருநீலமும் ஊதாவும் கலந்து, ஓரத்தில் மட்டும் மஞ்சள் கசிந்து, நசுங்கிய நாவற்பழத்தைப் போல இருக்கும். கையில் பட்டால் நான்கு நாளைக்குப் போகாது. பேண்ட் பையில் கையை விட்டு வீட்டில் வசவு வாங்கியிருக்கிறேன்.

பஞ்சு நிரம்பிவிட்டது என்று பிரிண்டர் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்யும். பல மாடல்களில் அது பஞ்சைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. எத்தனை முறை கிளீனிங் கொடுத்தோம் என்று எண்ணிக்கொண்டே வந்து, ஒரு கணக்கைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. மற்றபடி நல்ல நிலையில் இருக்கும் பிரிண்டரை இந்த ஒரு காரணத்துக்காகத் தூக்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பஞ்சை மாற்றிக் கணக்கைப் பூஜ்யமாக்கினால் மறுபடி ஓடும். பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. அப்படி ஒரு வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு மேசையில் மை இறங்கி, பலகையின் ரேகை முழுவதும் ஊதாவாகிவிட்டது. இழைத்துப் பார்த்தும் போகவில்லை.

உங்களுக்கான யோசனை: ஒரே மூச்சில் ஐந்து முறை கிளீனிங் கொடுக்காதீர்கள். இரண்டு முறை கொடுத்தும் சரியாகவில்லையென்றால் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலை பாருங்கள். ஊறினால் அடைப்பு தானாக இளகும். வாரம் ஒருமுறை நான்கு நிறமும் உள்ள ஒரு சிறு படத்தைப் பழைய தாளின் பின்பக்கத்தில் எடுங்கள், அதற்குச் செலவாகும் மை கிளீனிங்கில் போவதைவிட மிகவும் குறைவு. ஆனால் உண்மையைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்குப் பத்துப் பக்கம் எடுப்பவர் வீட்டில் இங்க்ஜெட் இருக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். தவிர்க்கவே முடியாதென்றால் பழைய கருப்பு வெள்ளை லேசர் ஒன்று வாங்குங்கள். அதில் இருப்பது பொடி. பொடி காய்வதில்லை.

வீட்டில் எடுப்பது நல்லதா, ஜெராக்ஸ் கடையில் எடுப்பது நல்லதா?
*வாசகர், தஞ்சாவூர்*

எப்படிப் போகிறீர்கள் என்று எழுதவில்லையே. கடை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஸ்கூட்டரில் போய் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போக வர நான்கு கிலோமீட்டர். லிட்டருக்கு ஐம்பது ஓடினால் 80 மில்லி பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவரும் கரியமிலவாயு 2.3 கிலோ. ஆக, ஒரு நடைக்கு 180 கிராமுக்கு மேல். காகிதம் தயாரிப்பதில் கிலோவுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமிலவாயு என்று கணக்கு வைப்பார்கள், ஆலைக்கு ஆலை மாறும். அப்படியானால் ஒரு தாளுக்கு ஐந்து கிராம். ஆதார் நகல் இரண்டு எடுக்க ஸ்கூட்டரில் போனால், முப்பத்தைந்து தாளுக்கு மேல் வரும் புகையைத் தெருவில் விட்டுவிட்டு, இரண்டு தாளோடு திரும்புகிறீர்கள்.

நடந்து போனாலோ, வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும் நாளில் எடுத்தாலோ, கடைதான் நல்லது. சந்தேகமே இல்லை. எங்கள் சந்து முனையில் உள்ள கடையின் யந்திரம் இருபது லட்சம் பக்கத்தைத் தாண்டிவிட்டது. அதன் எடை எத்தனை என்றாலும் பக்கத்துக்குப் பக்கம் பங்கு பிரித்தால் ஒன்றுமில்லாமல் போகும். உங்கள் வீட்டுப் பிரிண்டர் அப்படிப் பங்கு பிரிக்க 611 பக்கம் வைத்திருக்கும்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அனுப்பினால், வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லி, அழிப்பதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள். சுற்றுச்சூழலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கடைக் கணினிகளில் கிடப்பதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வேலை. லேசர் பிரிண்டர். டோனர் தீர்ந்ததும் தெருவில் ஒரு தம்பி வந்து ரீஃபில் செய்து தருகிறார். அந்தப் பொடி உடம்புக்குக் கெடுதலா? ரீஃபில் செய்தால் பிரிண்டர் கெட்டுவிடும் என்கிறார்களே?
*வாசகி, திருப்பூர்*

டோனர் மை அல்ல, பிளாஸ்டிக். மிக நுண்ணிய பிளாஸ்டிக் பொடியில் கரியும், சில வகைகளில் இரும்பு ஆக்சைடும் சேர்த்தது. மின்னூட்டத்தால் தாளில் ஒட்டி, ‘பியூசர்’ என்னும் சூடான உருளைகளுக்கிடையே ஏறத்தாழ இருநூறு டிகிரியில் உருகிப் பதிகிறது. பிரிண்டரிலிருந்து வரும் தாள் இட்லித் தட்டைப் போலச் சுடுவது அதனால்தான். தாளில் பதிந்தபின் தொல்லை இல்லை, காற்றில் பறக்கும்போதுதான் தொல்லை. தம்பி வீட்டுக்கு வந்தால் மொட்டை மாடியில் செய்யச் சொல்லுங்கள். மின்விசிறிக்குக் கீழே வேண்டாம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். அவரையும் முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நான் முதல் பத்து வருடம் போடாமல் செய்தேன். இரவில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கருப்புதான்.

சிந்திவிட்டால் ஈரமில்லாத துணியால் ஒற்றி எடுங்கள். கையில் பட்டால் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள், வெந்நீர் கூடாது. பிளாஸ்டிக் ஆயிற்றே, இளகி ஒட்டிக்கொள்ளும். வீட்டு வாக்குவம் கிளீனரைக் கொண்டு உறிஞ்சினால் பொடி அதன் வடிகட்டியைத் தாண்டி அறை முழுவதும் பரவிவிடும்.

ரீஃபில் செய்வதால் பிரிண்டர் கெடுவதில்லை. மட்டமான பொடியால் கெடுகிறது. ஒரு கார்ட்ரிட்ஜை நான் மூன்று முறை, நான்கு முறை நிரப்புவேன். அதற்குள் உள்ளே இருக்கும் பச்சையோ நீலமோ ஆன டிரம் என்னும் உருளையில் கீறல் விழுந்து, எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் கோடு வர ஆரம்பிக்கும். டிரம்மையும் பிளேடையும் மாற்றினால் இன்னும் இரண்டு சுற்று ஓடும். ஒவ்வொரு முறையும் முக்கால் கிலோ பிளாஸ்டிக்கும் இரும்பும் குப்பைக்குப் போகாமல் நிற்கிறது. ‘டோனர் குறைவு’ என்று முதல் முறை எச்சரித்ததும் ஆளைக் கூப்பிட வேண்டாம். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கிடைமட்டமாகப் பிடித்து, முறத்தில் புடைப்பதைப் போல இடமும் வலமும் மெதுவாக ஆட்டிப் போடுங்கள். ஐம்பது பக்கமாவது வரும்.

சில்லு வைத்த கார்ட்ரிட்ஜ்கள் வேறு கதை. பொடி நிரம்ப இருந்தாலும் ‘தீர்ந்துவிட்டது’ என்று அந்தச் சில்லு சாதிக்கும். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், “சில்லு உண்டா? ரீஃபில் ஏற்குமா?” என்று கேளுங்கள்.

லேசர் பிரிண்டரின் பச்சை விளக்கு இரவும் பகலும் எரிகிறது. அணைக்க வேண்டுமா?
*வாசகர், ஓசூர்*

அணையுங்கள். சும்மா நிற்கும்போது என் மீட்டரில் 3 வாட் காட்டிய பழைய லேசர் ஒன்று கடையில் உண்டு. 3 வாட் என்றால் 24 மணி நேரம், 365 நாள், ஆண்டுக்கு 26 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமிலவாயு. பதினெட்டுக் கிலோ ஆயிற்று. ஏழு ரீம் காகிதத்துக்குச் சமம், ஒரு எழுத்தும் அச்சடிக்காமல்.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதலில் பிரிண்டரிலேயே உள்ள பொத்தானை அழுத்தி அணையுங்கள். ஹெட் தன் இடத்துக்குப் போய் ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்தபின் சுவர் சுவிட்சை அணையுங்கள். நேரடியாகச் சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்று காய்ந்துவிடும். பிறகு கோவில்பட்டி ஐயாவின் கதைதான்.

மாணவர்கள் ‘புராஜெக்ட்’ என்று பக்கம் பக்கமாக வண்ணப் படங்களை அச்செடுத்து ஒட்டி வருகிறார்கள். அழகாக இருக்கிறதே என்று மதிப்பெண் போட்டு வந்தேன். இப்போது குற்ற உணர்வாக இருக்கிறது.
*ஆசிரியை, சிவகங்கை*

கார்ட்ரிட்ஜ் உறையில் ‘இத்தனை பக்கம் வரும்’ என்று போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் பக்கத்தின் நூற்றில் ஐந்து பங்கு மட்டும் மையால் நிரம்பிய, சாதாரணக் கடிதம் போன்ற பக்கத்துக்கான கணக்கு. தோகை விரித்த மயில் முழுப் பக்கத்துக்கு இருந்தால் எழுபத்தைந்து பங்கு நிரம்பும். ஒரு மயிலுக்குப் பதினைந்து கடிதம்.

மயிலை வரையச் சொல்லுங்கள் டீச்சர். கோழி மாதிரி வந்தாலும் மதிப்பெண் போடுங்கள்.

சிற்றிதழ் நடத்துகிறேன். மெய்ப்புப் பார்க்க நிறையப் பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் மை மிச்சமாகும் என்று படித்தேன். தமிழுக்கும் பொருந்துமா?
*வாசகர், புதுக்கோட்டை*

எழுத்துக்குள் ஓட்டை போட்டு மையை மிச்சம் பிடிக்கும் ‘ஈகோஃபான்ட்’ என்ற ஒன்றை 2008 வாக்கில் நெதர்லாந்தில் செய்தார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. நமக்கு மையைவிடத் தாள்தான் பிரச்சினை. தமிழ் எழுத்துகள் அகலம், கொம்பும் காலும் போட்டு நடக்கும் எழுத்து. ஒரே கட்டுரையை ‘லதா’வில் 12 புள்ளியில் எடுத்தபோது எனக்கு மூன்று பக்கம் வந்தது, ‘விஜயா’வில் அதே 12 புள்ளியில் இரண்டே பக்கம். இதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. விஜயாவில் எழுத்தே பொடியாக இருக்கும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் மெய்ப்புக்கு அது போதும், உங்கள் கண் இடம் கொடுத்தால். வரி இடைவெளியையும் ஓரத்தையும் கொஞ்சம் குறையுங்கள், ‘டிராஃப்ட்’ தரத்தில் எடுங்கள், இரண்டு பக்கமும் எடுங்கள். ஒற்றுப்பிழை சாம்பல் நிறத்திலும் தெரியும்.

ஒரு பக்கம் மட்டும் அச்சான தாள்களை மறுபடி பிரிண்டரில் போட்டால் சிக்கிக்கொள்கிறது. வேறு என்ன செய்யலாம்? பழைய பேப்பர்காரரிடம் போட்டால் உண்மையிலேயே மறுசுழற்சி ஆகிறதா?
*வாசகி, சிதம்பரம்*

சிக்குவதற்கு மூன்று காரணம். ஸ்டேப்லர் பின் கழற்றிய ஓட்டையின் ஓரம் மேலெழும்பி நிற்பது, லேசர் சூட்டில் தாள் சுருண்டிருப்பது, ஐப்பசி ஈரம். இரண்டு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்து, ஓரத்தை நகத்தால் நீவிவிட்டு, பத்துத் தாளுக்கு மேல் அடுக்காமல் போடுங்கள். பின் இருக்கும் தாளைப் போடவே போடாதீர்கள். ஒரு பின் உள்ளே போய் பியூசர் உறையைக் கிழித்துவிட்டால் அதை மாற்ற ஆகும் செலவில் ஐந்து ரீம் வாங்கலாம்.

மறுசுழற்சியில் பலரும் எதிர்பார்க்காத ஒரு விஷயம் உண்டு. பிளாஸ்டிக்கான டோனர், கூழில் தாளை விட்டு ஏடு ஏடாகக் கழன்று, காற்றுக் குமிழியோடு மேலே மிதந்து வந்துவிடும், வழித்து எடுத்துவிடலாம். தண்ணீரில் கரையும் இங்க்ஜெட் மையோ கூழோடு கலந்து சாயம் ஏற்றிவிடுகிறது. வெள்ளைச் சட்டையோடு சுங்குடிப் புடவையை ஊறப்போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பளபளக்கும் போட்டோ தாளில் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அதைப் பழைய பேப்பரோடு சேர்க்காதீர்கள். புகைப்படத்தை ஸ்டுடியோவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பேருந்து நிலையத்தில் நான் வாங்கிய வேர்க்கடலைப் பொட்டலம் யாரோ ஒருவருடைய ஆறு மாத வங்கிக் கணக்கு. கடலை தீர்வதற்குள் அவர் கட்டும் தவணை எனக்குத் தெரிந்துவிட்டது.

மையே தேவைப்படாத குட்டிப் பிரிண்டர் ஆன்லைனில் விற்கிறார்கள். உள்ளங்கை அளவு. ‘மை இல்லை, ஆகவே சுற்றுச்சூழலுக்கு நல்லது’ என்கிறார்கள். வாங்கலாமா?
*கல்லூரி மாணவி, பெரம்பூர், சென்னை*

மை பிரிண்டரில் இல்லை அம்மா, தாளில் இருக்கிறது. அது தெர்மல் தாள். கடை ரசீதும் ஏ.டி.எம். சீட்டும் வருவது இதில்தான். நகத்தால் வேகமாகக் கீறினால் கருப்புக் கோடு விழும், சோதித்துப் பாருங்கள். சூடு பட்டால் கருக்கும் ரசாயனப் பூச்சு அது. அந்தப் பூச்சில் பெரும்பாலும் பி.பி.ஏ. (பிஸ்பீனால் ஏ) என்ற ரசாயனம் அல்லது அதன் தம்பியான பி.பி.எஸ். சேர்க்கிறார்கள். உடலின் ஹார்மோன்களில் குறுக்கிடுபவை என்று பெயர் எடுத்தவை, தோல் வழியாகவும் ஏறக்கூடியவை. இந்தத் தாளைப் பழைய பேப்பரோடும் போடக் கூடாது. ஒரு சுருள் கலந்தாலும் பூச்சு கூழில் கலந்துவிடும். இத்தனைக்கும் எழுதியது சில மாதத்தில் வெளுத்துவிடுகிறது. சின்னச் சின்னக் குறிப்பு ஒட்டவா? பேனா இருக்கிறதே.

பழுதான பிரிண்டர் பரணில் மூன்று கிடக்கிறது. காயலான் கடையில் போடலாமா?
*வாசகர், கோவை*

மூன்றா!

காயலான் கடைக்காரர் உங்கள் எதிரிலேயே எடை போட்டுக் காசு தருவார். பிறகு என்ன நடக்கிறதென்று நான் பார்த்திருக்கிறேன். சுத்தியலால் உடைப்பார்கள். ஹெட் ஓடும் எஃகுத் தண்டு, மோட்டார்கள், பவர் சப்ளை, இவ்வளவுதான் அவருக்கு வேண்டும். கம்பியை எரித்துச் செம்பு எடுப்பார்கள். மீதிப் பிளாஸ்டிக்கும் மைப் பஞ்சும் கிடந்த இடத்தில் கிடக்கும். முதல் மழைக்கு வாய்க்காலில் ஊதா ஓடும். அவர்மேல் கோபமில்லை, அவர் பிழைப்பு. வேறு வழி இருக்கும்போது நாம் ஏன் அவரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டரும் அதன் கார்ட்ரிட்ஜும் பட்டியலில் உண்டு. மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும். பிரிண்டர் கம்பெனியின் இணையதளத்தில் திரும்பப் பெறும் ஏற்பாட்டைத் தேடுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருக்கிறது, கோவைக்காரருக்கு அது பெரிய அலைச்சல் இல்லை. அதற்கு முன், மூன்றையும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரே மாடலாக இருந்தால் மூன்றில் ஒன்று பிழைத்துவிடும். ஒன்றின் ஹெட், இன்னொன்றின் உருளை என்று நான் அப்படி எத்தனையோ கட்டி எழுப்பியிருக்கிறேன். பக்கத்தில் பொறியியல் கல்லூரி இருந்தால் மோட்டாரையும் தண்டையும் மாணவர்கள் ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள்.

இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வீட்டில் என்ன பிரிண்டர்? இந்தப் பதில்களைப் பிரிண்ட் எடுக்காமலா எழுதுகிறீர்கள்?
*வாசகர், திண்டுக்கல்*

வீட்டில் பிரிண்டர் இல்லை. மருமகள் கேட்பதைக் கடையிலிருந்து எடுத்துப் போகிறேன். கடையில் ஒரு பழைய டாட் மேட்ரிக்ஸ் இருக்கிறது. ஏற்றுமதி நிறுவனம் ஒன்று கழித்துக் கட்டியது. ரிப்பனுக்கு மை ஏற்றி ஏற்றி இன்னும் கரகரவென்று ஓடுகிறது.

பிரிண்ட் எடுக்காமல் எனக்கு எழுத வராது. திரையில் பார்த்தால் பிழை கண்ணில் படுவதில்லை, தாளில் பார்த்தால்தான் படுகிறது. இந்தப் பதில்களை மூன்று முறை எடுத்தேன். ஒருமுறை ‘கரியமிலவாயு’வில் கால் வாங்கியிருந்தது, ஒருமுறை மயிலின் கணக்குத் தப்பாக இருந்தது. பத்திரிகை அலுவலகம் அனுப்பிய அந்த இருபத்திரண்டு தாளின் பின்பக்கத்தில்தான் எடுத்தேன். இன்னும் நான்கு மிச்சம் இருக்கிறது. அடுத்த மாதக் கேள்விகளைத் தயவுசெய்து மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடுங்கள்.